வாய் பிளக்காத பெரிய டீச்சர்

எங்கள் பெரிய டீச்சரை ஆச்சரியப்பட வைக்க சேரன்மகாதேவியில் யாராலும் முடிந்ததில்லை. முயன்று தோற்றவர்கள் பட்டியலில் ஒரு சாரைப் பாம்பு, ஆற்று வெள்ளம், மணிமுத்தாறு அருவி எல்லாம் உண்டு. நானும் உண்டு.

பாம்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். வாய்ப்பாடு சத்தம் உச்சத்தில் இருந்த நேரம், ஓட்டுக் கூரையிலிருந்து ஒரு சாரை தொப்பென்று மேஜைக்கும் கரும்பலகைக்கும் நடுவில் விழுந்தது. நாங்கள் பெஞ்சு மேல். எங்கள் சார் ஜன்னல் மேல். பக்கத்து வகுப்பிலிருந்து பெரிய டீச்சர் வந்தார். பாம்பைப் பார்த்தார். பாம்பும் அவரைப் பார்த்தது.

“அதுக்கென்ன இப்போ? எலி தேடி வந்திருக்கு. வழியை விட்டா போயிரும். ஆறாம் வாய்ப்பாட்டைப் பாதியில நிறுத்துனது யாருலே?”

ஆறாம் வாய்ப்பாடு தொடர்ந்தது. பாம்பு ஏழாம் வாய்ப்பாட்டில் வெளியேறியது. சார் எட்டாம் வாய்ப்பாட்டில் இறங்கினார்.

பெரிய டீச்சர் என்றால் தலைமை ஆசிரியை. ஆளைப் பார்த்தால் பெரிய என்ற சொல் கொஞ்சம் அதிகம்தான். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் சிலர் அவருடைய தோளுக்கு மேல் வளர்ந்திருந்தார்கள். அவருக்கென்று ஒரு பெயர் கட்டாயம் இருந்திருக்கும். யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஓட்டுக் கட்டடம், ஐந்து வகுப்பு, அதில் ஒன்றாம் வகுப்பை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். கொண்டையில் எப்போதும் ஒரு சிவப்பு நீலப் பென்சில் செருகியிருக்கும். சிவப்பு முனை தப்புக்கு, நீல முனை சரிக்கு. இரண்டு முனையும் ஒரே அளவில் தேய்ந்திருக்கும்.

மழைக்காலத்தில் ஆறு பெருகி, பள்ளிக்கூடத்தின் கீழ்ப்படி வரைக்கும் தண்ணீர் வந்த அன்று ஊரே ஓடி வந்து வேடிக்கை பார்த்தது. “அதுக்கென்ன இப்போ? இன்னும் நாலு படி இருக்கு,” என்று அவர் நெட்டைப் பிள்ளைகளை வாசல் பக்கமும் குட்டைப் பிள்ளைகளை உள்பக்கமும் மாற்றி உட்கார வைத்தார். மணிமுத்தாறுக்குச் சுற்றுலா போனபோது நாங்கள் அருவியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அவர் அருவிக்கு முதுகைக் காட்டியபடி எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். “டீச்சர், அருவியைப் பாருங்க டீச்சர்,” என்றதற்கு, “தண்ணி மேலருந்து கீழ விழுது. அதுக்கென்ன இப்போ? முப்பத்தெட்டுதான் வருது, இன்னொரு பய எங்கலே?” என்றார்.

சொந்த மகன் பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது தெருவே மிட்டாய் கேட்டது. “அதுக்கென்ன இப்போ? இன்னும் துணி காயப்போடத் தெரியாது அவனுக்கு,” என்று முடித்துவிட்டார்.

இதைக் கேட்டு அவரை ஈரமில்லாத மனுஷி என்று நினைத்துவிடக் கூடாது. நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. முடித்த லட்சணத்தில் இரண்டு பேப்பர் ஊற்றிக்கொண்டது. வீட்டில் ஒரு வாரம் எனக்குத் தட்டில் சோறு விழுந்த சத்தமே வேறு. தெருவில் பார்த்தவரெல்லாம், “நாலு வயசுல பேப்பர் வாசிச்ச பயல்தானேலே நீ,” என்று உச்சுக் கொட்டினார்கள். பெரிய டீச்சர் மட்டும் ரேஷன் கடை வாசலில் வைத்து, “எத்தனை?” என்றார். இரண்டு என்றேன். “அதுக்கென்ன இப்போ? அக்டோபர்ல எழுது,” என்று சீனிப்பையை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். அவர் வீடு வரைக்கும் அந்தப் பையைச் சுமந்ததில் எனக்குப் பாதி பாரம் இறங்கியிருந்தது.

அந்தக் கோடையில்தான் மதி விவகாரம் வந்தது.

மதி என் அக்கா மகள். முழுப்பெயர் காந்திமதி. அத்தான் மஸ்கட்டில் இருந்ததால் அக்காவும் அவளும் எங்கள் வீட்டில்தான். அப்போது அவளுக்கு நாலரை வயது. நான் பேப்பர் வாசிக்கும்போது மடியில் உட்கார்ந்து உட்கார்ந்து, எப்போது என்று யாருக்கும் தெரியாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கடலை மடித்த தாளை வாசிப்பாள். திருச்செந்தூர் பஸ்ஸின் போர்டை அது வளைவில் திரும்பும்போதே வாசித்து முடிப்பாள். சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள் என்றால் உயிர். ஒரு தடவை, இறந்தவர் வீட்டு வாசலிலேயே நின்று, பிறந்தநாள் பாட்டுப் பாடுகிற குரலில், “கண்ணீர் அஞ்சலி, துயரத்தில் வாடும் குடும்பத்தார்,” என்று கணீரென்று வாசித்தாள். பந்தலில் இருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு, “ஏளா, இது யார் பிள்ளை?” என்று கேட்டார்கள்.

அக்கா முடிவு செய்துவிட்டாள், இந்த ஜூனிலேயே ஒன்றாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் விசாரித்ததில், எல்.கே.ஜி.யில் இருந்துதான் வர வேண்டும் என்றுவிட்டார்கள். பேப்பர் வாசிக்கிறவளை இரண்டு வருஷம் களிமண் உருட்ட விடுவதா? தெருப் பள்ளிக்கூடம்தான் ஒரே வழி. ஐந்து வயது நிரம்ப ஆறு மாதம் குறைகிறது. அதுவும் பெரிய விஷயமில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு, அம்மா பெற்ற தேதி ஒன்று, டீச்சர் எழுதிய தேதி ஒன்று. சர்டிபிகேட்டில் பார்த்தால் தெருவே மே மாதத்தில் பிறந்தது போல இருக்கும்.

மே மாதக் கடைசியில் நாங்கள் மூவரும் போனோம். பெரிய டீச்சருக்கு முகத்தைப் பார்க்கிற பழக்கம் கிடையாது. பிள்ளையின் கையையும் காலையும்தான் பார்ப்பார். மதி மேஜையில் கிடந்த காகிதம் எல்லாவற்றையும் மளமளவென்று வாசித்தாள். நான் பக்கத்தில் மாட்டுத் தரகர் மாதிரி பெருமையாக நின்றேன்.

“அதுக்கென்ன இப்போ?” என்றார் டீச்சர். “ஏட்டி, வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடு.”

எட்டினால் ஐந்து வயது. அந்தக் காலத்தில் அதுதான் கணக்கு. மதிக்கு இரண்டு விரற்கடை குறைந்தது.

“வாசிக்கிறது கண்ணாலதானே டீச்சர்? காது எதுக்கு?” என்றாள் மதி.

“தொடு.”

மதி கழுத்தைச் சாய்த்துத் தொட்டுவிட்டு, “தொட்டுட்டேன்,” என்றாள்.

“காதைக் கை கிட்டக் கொண்டு போனா உங்க மாமா மீசை கூட எட்டும். நேரா நில்லு.” நேராக நின்றால் எட்டவில்லை. அடுத்து டீச்சர் தன் எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்து வைத்தார். “இதைத் திற.”

மதி முக்கினாள், வயிற்றோடு அணைத்துப் பிடித்து இழுத்தாள். மூடி அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு மூடியில் வெட்டியிருந்த எழுத்தை வாசித்தாள்: “சித்தப்பா சித்தி அன்பளிப்பு.”

“அன்பளிப்பை வாசிச்சா பசி அடங்குமா? திற.”

மதி திறக்கவில்லை. டீச்சர் பாக்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அடுத்த வருஷம் கூட்டியா.”

“டீச்சர், தேதியைக் கொஞ்சம் முன்ன தள்ளிப் போட்டா போதும்,” என்றாள் அக்கா. “எத்தனை பேருக்குப் போட்டிருக்கீய.”

“போட்டேன். இப்போ போடுததில்ல. நான் எழுதுத தேதிதான் சாவுத வரைக்கும் கூட வரும். பைய வரட்டும் பிள்ளை. என்ன அவசரம்?”

வீடு திரும்பும்போது அக்கா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பின்னால் வந்த மதி என்னிடம், “மாமா, மோசத்துக்கு எந்த மோ?” என்று கேட்டாள். நான் யோசிக்காமல் சொல்லிக்கொடுத்தேன். அது என் தப்பு.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தின் வெள்ளைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதியிருந்தது: பெரிய டீச்சர் ரொம்ப மோசம். துப்பறிய ஒன்றுமில்லை. எழுத்து என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அந்த உயரத்தில் எழுதத் தெரிந்த ஆள் ஊரில் ஒருத்திதான்.

அக்கா அவமானத்தில் சிவந்துபோய், ஒரு கையில் மதியையும் மறு கையில் ஈரத்துணியையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் வாளியோடு பின்னால். நாங்கள் போனபோது பெரிய டீச்சர் சுவருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

“அழிக்காதட்டி, இரு,” என்றார் அக்காவிடம். “டீச்சர்ல ச்சுக்குப் புள்ளி வச்சிருக்கா பாரு. அஞ்சாம் வகுப்புல பாதிப் பய வைக்க மாட்டான்.”

“மன்னிச்சுக்கிடுங்க டீச்சர்.”

“அதுக்கென்ன இப்போ? எழுத்தைப் பாரு. பெரியங்கறது பலாப்பழம் கணக்கா இருக்கு. மோசம் புளியங்கொட்டை கணக்கா ஆயிட்டு. வரியும் கீழ சரிஞ்சுட்டு. மூணாவது வார்த்தையிலயே கை கடுக்க ஆரம்பிச்சிருக்கு. ஏட்டி மதி, விரலைக் காட்டு.”

மதி முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் சின்னதாக ஒரு கொப்புளம்.

“ஒண்ணாம் வகுப்புல நாளைக்கு நாலு பக்கம் எழுதணும். தலை ஓடுது, கை ஓடல. ஓடாத கையைத்தான் வகுப்புல எல்லாரும் பாப்பாவ.” டீச்சர் எழுந்து, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். “இவனைக் கூட்டியாந்த அன்னைக்கு நான் எழுத்தைப் பாக்கல. வாயைத்தான் பாத்தேன்.”

“என்னையா?”

“நாலு வயசு எட்டு மாசம். உங்க அப்பா பேப்பரைக் கையில குடுத்து நிறுத்துனாரு. நீ நிறுத்தாம வாசிச்ச. நான் வாயைப் பொளந்துட்டேன்லே. காது எட்டுதான்னு கூடப் பாக்கல. மே மாசம்னு தேதியைப் போட்டு உள்ள உட்கார வச்சேன்.”

நாலு வயதில் பள்ளிக்கூடம் போனவன் என்று காலேஜில் நான் அளந்த கதைக்கு இதுதான் மூலம். இதுவரை யாரும் மீதியைச் சொன்னதில்லை. டீச்சர் சொன்னார்.

“ஒரு மாசத்துல டவுசர்லயே மோள ஆரம்பிச்சே. பட்டனைக் கழத்தத் தெரியாது, கேக்க வெக்கம். பெரிய பயலுவ உனக்கு மூத்திரப் பண்டிதர்னு பேரு வச்சானுவ. அதுலருந்து வாசிக்கச் சொன்னா வாசிக்க மாட்டே. ஒரு வருஷம் வகுப்புல வாயே தொறக்கல நீ. இன்னைக்கு வாய் காது வரைக்கும் நீளுது, அது வேற. அந்த வருஷம் நான் உன்னைத் தினம் பாத்தேன்லே. அதுக்கப்புறம் எந்தப் பிள்ளையைப் பாத்தும் வாயைப் பொளக்கக் கூடாதுன்னு வச்சுக்கிட்டேன்.”

எனக்கு அந்த வருஷத்தில் ஒரு நாள் கூட ஞாபகம் இல்லை. வாளியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அக்காதான் பேசினாள்.

“இவன் கதை சரி டீச்சர். என் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இவன் தொட்டில்ல கெடக்கையில ஆட்டுததுக்கு ஆள் இல்லன்னு என்னை வீட்டுல வச்சுக்கிட்டாவ. ஏழு வயசுலதான் உங்ககிட்ட வந்தேன். காது என்ன, முதுகையே தொட்டிருப்பேன். ரெண்டு வருஷம் பிந்திட்டாளேன்னு எங்க அம்மை சொன்னதுக்கு, அதுக்கென்ன இப்போன்னு சொன்னீய. காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கும்போது இருவது வயசு ஆயிட்டுன்னு கட்டிக் குடுத்துட்டாவ. அந்த ரெண்டு வருஷம் கையில இருந்திருந்தா நான் முடிச்சிருப்பேன். பொம்பளப் பிள்ளைக்கு ஆரம்பத்துல போற வருஷம் அங்கனயே போறதில்ல டீச்சர். கடைசியில கல்யாணத்துல வந்து கழிச்சுக்கிடுது.”

டீச்சர், “அதுக்...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார், இரண்டு முனையையும் பார்த்தார், திரும்பச் செருகிக்கொண்டார். பாம்பு விழுந்தபோது கூட அவர் இப்படி நின்றதில்லை.

“ரெண்டு பேரையும் சேத்தது நான்தான்,” என்றார் கடைசியில். “ஒருத்தியைப் பிந்தி. ஒருத்தனை முந்தி. ரெண்டும் சரியில்லன்னா நான் எந்தத் தேதியைத்தாம்ட்டி போட?”

உண்மையாகவே கேட்டார். அப்போது மதி அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சர், நான் ஒப்புக்குச் சப்பாணியா வரட்டா?”

தெரு விளையாட்டில் எப்போதும் அவள்தான் ஒப்புக்குச் சப்பாணி. எந்த அணியிலும் சேராத குட்டிப்பிள்ளை. கூடவே ஓடலாம், கத்தலாம், பிடிபட்டாலும் ஆட்டம் போகாது.

“ஒப்புக்குச் சப்பாணிக்கு அவுட் கெடையாது. தெரியுமா?” என்றார் டீச்சர்.

“தெரியும்.”

“எண்ணிக்கையிலயும் கெடையாது. பேர் எழுத மாட்டேன்.”

“தெரியும்.”

“உறக்கம் வந்தா வீட்டுக்குப் போயிரணும். கை கடுத்தா எழுதக் கூடாது.”

மதி கொஞ்சம் யோசித்தாள். “டிபன் பாக்ஸை யாரு திறப்பா?”

“ஆறு மாசம் நான் திறப்பேன். அதுக்கு மேல நீ திறக்கணும்.” டீச்சர் அக்காவைப் பார்த்தார். “ரிஜிஸ்டர்ல அடுத்த ஜூன்லதான் பேரு ஏறும். உண்மையான தேதியில. நான் அடுத்த மே மாசம் ரிட்டயர்டு. பேர் எழுதுததுக்கு நான் இருக்க மாட்டேன். வருஷம் ஒண்ணு போகத்தான் செய்யும்ட்டி. அதை இல்லன்னு நான் சொல்லல. அனுப்புதியா இல்லையான்னு நீதான் சொல்லணும்.”

அக்கா சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். பலாப்பழத்திலிருந்து புளியங்கொட்டை வரைக்கும். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏலே, இங்கன வா. டீச்சர் முன்னால சொல்லு. இவ டிகிரி முடிக்குததுக்கு முன்ன, வயசு ஆயிட்டுன்னு எவனாவது பூவும் பழமுமா வந்தாம்னா நீ குறுக்க நிப்பியா? எனக்கு யாரும் நிக்கல.”

“நிப்பேங்க்கா.”

“இவன் ரெண்டு பேப்பர்லயே நிக்கல,” என்றார் டீச்சர். “பரவால்ல. நானும் கேட்டாச்சு.”

அக்கா ஈரத்துணியை வாளிக்குள் போட்டாள். சுவரை டீச்சர் அழிக்க விடவில்லை. அடுத்த வெள்ளையடிப்பு வரைக்கும் அவர் ரொம்ப மோசமாகத்தான் இருந்தார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, அக்டோபரைப் பார்த்துச் சும்மா கிடந்த நான்தான் மதியைக் கொண்டுபோய் விட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ஒன்றாம் வகுப்பு முழுக்க அழுகையும் மூக்குச்சளியும். டீச்சர் ரிஜிஸ்டரைத் திறந்து பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு உள்ளேன் டீச்சர். மதி ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துத் தயாராகி, வேறு பெயர் வந்ததும் மூச்சை விட்டாள். பட்டியல் முடிந்தது. ரிஜிஸ்டரை மூடினார். பென்சில் கொண்டைக்குப் போனது. மதியின் முகம் சுருங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை.

டீச்சர் எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையில் அ எழுதிக்கொண்டே, “காந்திமதி,” என்றார்.

“உள்ளேன் டீச்சர்.” தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த வருஷம் முழுக்கத் தினமும் இது நடந்தது. ரிஜிஸ்டர் மூடிய பிறகு கடைசியாக ஒரு பெயர். மே மாதம் அவர் ஓய்வு பெற்று, மகன் இருந்த ஊருக்குப் போய்விட்டார். அதோடு சரி, பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஜூனில் புதுத் தலைமை ஆசிரியர் மதியின் பெயரை ரிஜிஸ்டரில் அழகாக எழுதினார். உண்மையான தேதி. அக்கா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

பெயர் ஏறிய அன்று சாயங்காலம் மதி உம்மென்று வந்து பையை எறிந்தாள். என்ன என்று கேட்டேன்.

“புது சார் என்னை நடுவுல கூப்பிடுதாரு மாமா. அதுவும் புஸ்தகத்தைப் பாத்துத்தான் கூப்பிடுதாரு.”